காலம் எதைப் பக்குவப்படுத்துகிறது?

கையால் சுற்றிய சுருட்டு, சுற்றியவரின் பலகையை விட்டு இறங்கும்போதே முடிந்துவிட்ட பொருள் அன்று. கியூபாவின் மேற்கில், பினார் தெல் ரியோ மாகாணத்தின் வுயெல்தா அபாஹோ வட்டாரத்தில் விளையும் புகையிலை அதற்கு முன்பே நெடிய வழி வந்திருக்கும். பறித்த இலைகள் கொட்டகைக்குள் கழிகளில் தொங்கி ஏறக்குறைய 50 நாள் காற்றில் உலரும். பின் அம்பாரமாக அடுக்கப்பட்டு, தம் ஈரத்தாலும் எடையாலும் உள்ளே சூடேறி நொதிக்கும். கண்ணை எரிக்கும் அம்மோனியா அப்போது வெளியேறும். சுற்றும் வேளையில் இலை வெடிக்காமலிருக்க மறுபடி ஈரம் ஏற்றுவதால், அடங்கியிருந்த நொதித்தல் கொஞ்சம் தலைதூக்கும். உள்ளே நிரப்பும் இலை, அதைக் கட்டிப் பிடிக்கும் இலை, மேலே போர்த்தும் இலை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று இன்னும் இணங்கியிருக்காது. இந்த இணக்கத்துக்காகத்தான் சுருட்டை மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் பெட்டியில் வைத்துக் காக்கிறார்கள். காப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் வாக்கியம் ஒன்று: காலம் சுருட்டைப் பக்குவப்படுத்துகிறது.

காலம் உண்மையிலேயே ஒரு செயலைச் செய்கிறதா என்பது இந்தியத் தத்துவத்தின் மிகப் பழைய கேள்விகளுள் ஒன்று. உலகுக்குக் காரணம் எது என்று கேட்கும் சுவேதாசுவதர உபநிடதம், விடையாகச் சொல்லத்தக்கவற்றின் வரிசையில் காலத்தை முதலில் வைக்கிறது. இயல்பு, ஊழ், தற்செயல், பூதங்கள் எல்லாம் அதன் பின்னரே வருகின்றன. அதர்வ வேதத்தின் 19ஆம் காண்டத்தில், காலமே அனைத்தையும் ஈன்றது என்று போற்றும் இரண்டு பாடல்கள் உள்ளன. இக்கேள்வியைச் சுருட்டுப் பெட்டியின் அருகில் வைத்துக் கேட்பதில் ஓர் ஆதாயம் உண்டு. அந்தப் பெட்டிக்குள் காலத்தைத் தவிர மற்றவற்றையெல்லாம் மனிதர் அளந்து, கூடாமல் குறையாமல் நிறுத்திவைக்க முயல்கிறார்கள். அதனால் காலத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வழி கிடைக்கிறது.

ஹியூமிடார் எனப்படும் அந்தப் பெட்டியின் உட்புறம் பெரும்பாலும் ஸ்பானிய சீடர் மரத்தால் ஆனது. பெயரில் சீடர் இருந்தாலும் அது தேவதாரு இனம் இல்லை. வேம்பும் மகோகனியும் சேர்ந்த குடும்பத்து மரம். அது ஈரத்தை உறிஞ்சும், காற்று வறண்டால் திருப்பித் தரும், எளிதில் உளுத்துப்போகாது. புதுப் பெட்டியில் உடனே சுருட்டை அடுக்கினால் மரம் தன் தாகத்துக்குச் சுருட்டின் ஈரத்தை இழுத்துவிடும் என்பதால், முதலில் மரத்துக்கு ஈரமேற்றிச் சில நாள் விடுவார்கள். உள்ளே காற்றின் ஈரப்பதம் 65 முதல் 70 விழுக்காடு, வெப்பம் 16 முதல் 20 பாகை செல்சியஸ் என்பது பொதுவான அளவு. ஈரம் தருவதற்குக் காய்ச்சி வடித்த நீரே ஏற்றது. குழாய்நீரின் உப்புகள் ஈரமூட்டியின் நுண்துளைகளை அடைத்துவிடும். ஈரமானி சரியாகக் காட்டுகிறதா என்று அறிய, குழைத்த சமையல் உப்போடு அதைக் காற்றுப் புகாத பையில் வைப்பது வழக்கம். நீரில் முற்றிலும் கரைந்து தீராத அளவு உப்பு இருந்தால், மேலே அடைபட்ட காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டில் நிலைத்துவிடும். மானியும் 75 காட்ட வேண்டும்.

அளவு தவறினால் வருவது உடனே தெரியும். ஈரம் மிகுந்தால் பூஞ்சை பூக்கும். ஈரம் குறைந்தால் எண்ணெய்கள் பறந்துபோய்ப் போர்வை இலை வெடிக்கும். வெப்பம் ஏறினால் இலைக்குள் முட்டையாகக் கிடக்கும் புகையிலை வண்டு பொரிந்து, சுருட்டு நெடுக ஊசித்துளை போட்டுவிடும். சுழியத்துக்குக் கீழே 20 பாகையில் சில நாள் உறையவைத்தால் முட்டை, புழு, வண்டு எல்லாம் சாகும்.

காவல் சரியாக இருக்கும் பெட்டிக்குள் நடப்பது மெதுவான வேதிமாற்றம். எஞ்சிய அம்மோனியா கசிந்து போகும். புதுச் சுருட்டின் கடுப்புக்கு அதுவே பெருங்காரணம்; சேகரிப்போர் அந்த மாதங்களை நோய்க்காலம் என்றே அழைக்கிறார்கள். நாவைப் பிடிக்கும் துவர்ப்புப் பொருள்கள் சிறுகச் சிறுக உடையும். வெளியிலைக்கும் உள்ளிலைக்கும் இடையே எண்ணெயும் ஈரமும் பரவிச் சமப்படும். கியூபச் சுருட்டுகளைப் பற்றி 2003இல் பெருநூல் எழுதிய மின் ரான் நீ, நோய்க்காலத்துக்குப் பிறகு முதல், இரண்டாம், மூன்றாம் முதிர்ச்சி என மூன்று கட்டங்களைக் காட்டினார். மூன்றாவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகலாம். அதற்கு அப்பாலும் மாற்றம் நிற்பதில்லை. காரம் போய், மணம் போய், கடைசியில் எரியக்கூடிய காய்ந்த இலை மட்டும் மிஞ்சும்.

காலமே காரணம் என்னும் வாதத்தை இப்போது சோதித்துப் பார்க்கலாம். ஒரே ஆலையில் ஒரே மாதத்தில் கட்டிய இரண்டு பெட்டிகளில் ஒன்று ஹியூமிடாரிலும் மற்றொன்று திறந்த அலமாரியிலும் 10 ஆண்டு இருக்கட்டும். முதலாவது மென்மையாகியிருக்கும், இரண்டாவது தொட்டால் உதிரும். இரண்டின்மேலும் கழிந்த காலம் ஒன்றே. காரணம் ஒன்றாயிருக்க விளைவு வேறானால், அது முழுக் காரணமாக இருக்க முடியாது. காலவாதி இதற்கு, துணைக்காரணங்கள் கூடினால்தான் காலம் செயல்படும் என்று விடை சொல்லக்கூடும். அப்படியானால் ஈரம், வெப்பம், மரம், இலை ஆகிய துணைகளே வேலை முழுவதையும் செய்துவிட, காலத்துக்கு மிச்சம் என்ன என்ற கேள்வி எழுகிறது.

இதற்கு மிக நுட்பமான விடையை வைசேடிகர் தருகின்றனர். கணாதரின் வழிவந்த இந்த மரபு காலத்தை ஒன்பது திரவியங்களுள் ஒன்றாகக் கொள்கிறது. காலம் ஒன்று, எங்கும் நிறைந்தது, அழியாதது. முன், பின், ஒருங்கே, விரைவாக, தாமதமாக என்று நாம் அறிவதிலிருந்து அது உண்டென்று அனுமானிக்கப்படுகிறது. தோன்றுவன எல்லாவற்றுக்கும் அது பொதுவான நிமித்த காரணம். எல்லாவற்றுக்கும் பொது என்பதாலேயே, ஒன்று ஏன் பக்குவமானது, மற்றொன்று ஏன் உதிர்ந்தது என்று அதைக் கொண்டு விளக்க முடியாது. சிறப்புக் காரணத்தை வேறிடத்தில்தான் தேட வேண்டும். இந்தத் தருக்க மரபு தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலையின் 27ஆம் காதையில் வைசேடிகவாதி தன் கொள்கையை எடுத்துரைக்கிறான். 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தைத் தமிழாக்கினார்.

சிறப்புக் காரணத்துக்கு வைசேடிகர் வைத்த பெயர் பாகம். மண்ணியல்பு உள்ள பொருளில் வெப்பம் சேரும்போது அதன் நிறம், சுவை, மணம், தொடுவுணர்வு ஆகிய நான்கும் மாறும் என்பது அவர்கள் கொள்கை. பச்சைமண் குடம் சூளையில் சிவப்பதும், மாங்காய் கனிந்து இனிப்பதும் அவ்வகையே. குடம் வேகும்போது அணுக்களாகப் பிரிந்து, அணுக்கள் நிறம் மாறி, மறுபடி குடமாகக் கூடுகின்றன என்றனர் வைசேடிகர். குடம் குடமாகவே இருந்து நிறம் மாறுகிறது என்றனர் நியாயவாதிகள். பெட்டிக்குள் கிடந்த சுருட்டைப் பொறுத்தவரை நியாயவாதிகளின் பக்கமே ஏற்கத்தக்கது. அது நடுவில் எப்போதும் இல்லாமல் போனதாகச் சொல்ல எந்தச் சான்றும் இல்லை. ஆனால் இரு சாராருக்கும் பொதுவானதே இங்கு முக்கியம்: மாற்றுவது வெப்பத்தின் தொடர்பு. 18 பாகையும் வெப்பம்தான். வேதிமாற்றத்தின் வேகம் வெப்பத்தைச் சார்ந்தது என்னும் இன்றைய அறிவியலும் இதையே வேறு வழியில் சொல்கிறது.

வெப்பத்தின் விளைவைப் பிரித்தெடுத்த பிறகும் காலத்துக்கென்று வைசேடிகர் ஒன்றை விட்டுவைக்கின்றனர். அவர்கள் எண்ணும் 24 குணங்களில் பரத்துவம், அபரத்துவம் என்ற இரண்டு உண்டு. ஒரு பொருள் மற்றொன்றை நோக்க முந்தியது அல்லது பிந்தியது என்று சொல்லச் செய்பவை இவை. மூத்தவர், இளையவர் என்ற வழக்கு இவற்றால் வருகிறது. சுவை மாறுவது பாகத்தால்; பழமையானது என்று பெயர் பெறுவது காலத்தால். முதலாவது பொருளிலேயே இருக்கிறது. இரண்டாவது, வேறொன்றோடு ஒப்பிடும் அறிவு இருந்தால்தான் தோன்றுகிறது.

சுருட்டுச் சந்தையில் இந்த இரண்டும் கலந்தே விலைபோகின்றன. 1962 பிப்ரவரியில் அமெரிக்கா கியூபாமீது வணிகத் தடை விதித்தது. அதற்கு முன் சுற்றப்பட்ட கியூபச் சுருட்டுகளுக்குச் சேகரிப்போரிடம் தனி மதிப்பு. அவற்றில் பல மணமிழந்து வெகுநாள் ஆகியிருக்கும். ஆயினும் 1962க்கு முன் என்ற உறவு மாறாது. இலை பொடியானாலும் அந்தப் பரத்துவம் தேயாது. 1961இல் நடிகர் மில்டன் பெர்ல் ஜான் கென்னடிக்குப் பரிசளித்த ஹியூமிடார் 1996இல் நியூயார்க் ஏலத்தில் 5,74,500 டாலருக்குப் போனது. விலைபோனது வெறும் பெட்டி. எந்தச் சுருட்டின் பக்குவத்துக்கும் அந்த விலையோடு தொடர்பில்லை. பழமையைப் பக்குவம் என்று கொள்ளும் பிழை எவ்வளவு எளிதில் நேரும் என்பதை இத்தகைய ஏலங்கள் காட்டுகின்றன.

சமணர், வைசேடிகரைவிட ஒரு படி இறங்கி வருகிறார்கள். தத்துவார்த்த சூத்திரம் காலத்தின் பணியாக நிலைத்தல், மாறுதல், இயங்குதல், முன்மை, பின்மை ஆகியவற்றைச் சொல்கிறது. ஆனால் காலம் எதையும் தள்ளுவதில்லை. தானே மாறும் இயல்புள்ள பொருளுக்கு உடனிருந்து உதவுகிறது. மணிமேகலையின் நிகண்டவாதியும் காலத்தைத் திரவியங்களோடு சேர்த்தே எண்ணுகிறான்.

காலத்தைத் தனிப்பொருளாகக் கொள்ளவே மறுத்தவர்களும் உண்டு. நாகார்ச்சுனர் தம் மத்தியமக காரிகையின் 19ஆம் அதிகாரத்தில், பொருள்களைச் சார்ந்தே காலம் பேசப்படுகிறது என்றால் பொருள்களுக்கு அப்பால் காலம் எங்கே என்று கேட்டார். நவத்வீபத்து ரகுநாத சிரோமணி, நியாய மரபுக்குள்ளிருந்தே, காலமும் திசையும் இறைவனுக்கு வேறான திரவியங்கள் அல்ல என்று வாதிட்டார். கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் காலத்தை மாற்றத்தின் எண்ணிக்கை என்றார். காலத்தால் மூப்பு வருகிறது, மறதி வருகிறது என்கிறோமே தவிர, காலத்தால் கற்றோம், காலத்தால் அழகானோம் என்று சொல்வதில்லை என்பதை அவர் கவனித்தார். காலத்தோடு நெருங்கியது அழிவுதான் என்று கருதினார். அந்த அழிவைக்கூடக் காலம் தானே செய்வதில்லை, அது காலத்தில் நேர்கிறது என்று பிறகு திருத்தமும் சொன்னார். சுருட்டைக் காப்பவர்களோ நன்மையைக் காலத்தின் கணக்கில் எழுதிவிட்டு, கேட்டைப் பூஞ்சையின் கணக்கிலும் வண்டின் கணக்கிலும் எழுதுகிறார்கள். உண்மையில் பக்குவமும் கேடும் ஒரே மாற்றத்தின் இரு பகுதிகள். துவர்ப்பை உடைத்த அதே மெல்லிய ஆக்சிசனேற்றம் பின்னாளில் மணத்தையும் உடைக்கிறது. வேதியியலில், இதுவரை பக்குவம், இனி அழிவு என்று கோடு கிழிக்க இடமே இல்லை.

அந்தக் கோடு எங்கிருந்து வருகிறது என்பதற்கும் அரிஸ்டாட்டிலிடம் ஒரு குறிப்பு கிடைக்கிறது. வானிலை நிகழ்வுகள் பற்றிய நூலின் நான்காம் புத்தகத்தில் அவர் கனிதலை வெப்பத்தால் நடக்கும் ஒருவகைச் செரிமானமாக விளக்குகிறார். விதை தன்னைப் போன்ற இன்னொன்றை விளைவிக்கும் ஆற்றல் பெறும்போது கனி முழுமை அடைகிறது என்கிறார். கனிக்கு அதன் முடிவு அதனுள்ளேயே இருக்கிறது. பறவை கொத்தாவிட்டாலும் பழம் பழமே. பறித்து, உலர்த்தி, வெட்டிச் சுற்றிய இலைக்கு அப்படி ஒரு சொந்த முடிவு கிடையாது. அது எப்போது பக்குவம் என்பதைப் புகைப்பவரின் நாவும் மூக்கும் தீர்மானிக்கின்றன. ஆகவே இந்தப் பக்குவம் பாதி பொருளிலும் பாதி மனிதரிலும் இருக்கிறது. மனித உடலின் மற்ற பகுதிகளுக்கு இதில் பங்கில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 20 ஆண்டு வைத்த சுருட்டின் புகையும் வாய்க்கும் தொண்டைக்கும் நுரையீரலுக்கும் புற்றுநோய் தரவல்லதே. அம்மோனியாவின் கடுப்பு குறைவது தீங்கு குறைவதாகாது.

காலம் ஒன்றும் செய்வதில்லை என்று இத்தோடு முடித்துவிடலாமா? முடியாது. காத்திருக்காமல் இந்த மாற்றத்தைப் பெற முடியவில்லை என்ற உண்மை எஞ்சி நிற்கிறது. பெட்டியைச் சூடேற்றிப் 10 ஆண்டை 10 வாரமாக்கப் பார்த்தால் அம்மோனியா விரைந்து போகும், மணம் தரும் எண்ணெய்களும் கூடவே பறக்கும், வண்டும் பொரியும். ஒவ்வொரு மாற்றமும் வெப்பத்துக்கு ஒவ்வொரு அளவில் இணங்குவதால், எல்லாம் ஒரே விகிதத்தில் விரைவதில்லை. முறை குலைந்து வேறொரு பொருள்தான் கிடைக்கும். பிரெஞ்சுத் தத்துவவாதி ஆன்றி பெர்க்சன் 1907இல் எழுதிய படைப்புப் பரிணாமம் என்ற நூலில் இதே உண்மையைச் சர்க்கரையும் நீரும் கொண்டு காட்டினார்: சர்க்கரை கரையும்வரை காத்திருந்தே ஆக வேண்டும், அந்தக் காத்திருப்பு வெறும் எண் இல்லை, வாழ்ந்து கழிக்க வேண்டிய கால அளவு.

பெர்க்சனுக்கு ஏறத்தாழ 1400 ஆண்டுகளுக்கு முன் பர்த்ருஹரி இன்னும் துல்லியமாகச் சொல்லியிருந்தார். வாக்கியபதீயத்தின் மூன்றாம் காண்டத்தில் காலத்துக்கென்று ஒரு பகுதி உண்டு. உலகம் என்னும் பொறியை ஆட்டும் சூத்திரதாரியாகக் காலத்தை அங்கே அவர் காண்கிறார். அதற்கு இரண்டே வேலைகள்: தடுத்தல், இசைதல். பொருள்கள் தம் காரணங்களால் ஆகின்றன; ஆகக்கூடியவை அனைத்தும் ஒரே கணத்தில் ஆகிவிடாமல் காலம் தடுக்கிறது, முறை வந்ததை விடுகிறது. தடை மட்டும் இல்லாவிட்டால் முளையும் இலையும் பூவும் சருகும் ஒருசேர நிகழ்ந்து, வரிசை என்பதே இருக்காது. பிரமத்தின் ஆற்றலே காலம் என்ற அவருடைய பின்னணிக் கொள்கையை ஏற்காதவரும் இந்த ஆய்வை ஏற்கலாம். சுருட்டைப் பொறுத்தவரை இதுவரை பார்த்தவற்றுள் உண்மைக்கு மிக அருகில் வரும் விடை இதுவே. காலம் முதிரவைப்பதில்லை. முதிர்ச்சி முறையாக வரும்படி அவசரத்தைத் தடுக்கிறது. ஹியூமிடார்கூட இவ்வகை ஏற்பாடுதான்: வறட்சியையும் பூஞ்சையையும் வண்டையும் தடுத்து, அம்மோனியாவின் மெல்லிய வெளியேற்றத்துக்கு மட்டும் இசைகிறது.

இக்கேள்வி வெறும் இலையோடு நின்றிருந்தால் இத்தனை மரபுகள் அதற்காக மல்லுக்கட்டியிருக்க மாட்டா. உயிரின் பக்குவம் காலத்தால் வருகிறதா என்பதே அவற்றின் உண்மையான கவலை. சைவ சித்தாந்தம் இதில் திட்டவட்டமாகப் பேசுகிறது. காலம் அசுத்த மாயையிலிருந்து தோன்றும் ஒரு தத்துவம், நியதி, கலை, வித்தை, அராகம் முதலியவற்றோடு வைத்து எண்ணப்படுவது, அறிவற்ற சடம். உயிரின் நுகர்ச்சியை இறப்பு, நிகழ்வு, எதிர்வு என வரையறுப்பது அதன் பணி. உயிரைப் பிணித்த ஆணவ மலம் பரிபாகம் அடைவதற்கு வேண்டியது இறைவனின் திரோதான சத்தி. இருவினை ஒப்பும் மலபரிபாகமும் வாய்த்த நிலையில் சத்திநிபாதம், அதாவது உயிரில் அருள் பதிதல், நிகழ்கிறது என்பது சித்தாந்தம். ஆண்டு பல கழிந்ததாலேயே உயிர் பக்குவப்பட்டது என்று இங்கே கொள்ள வழியில்லை. எண்பது வயதிலும் பக்குவமற்றவர் உண்டு. குழந்தைப் பருவத்திலேயே ஞானம் பெற்ற சம்பந்தரைச் சைவம் போற்றுகிறது. அலமாரிச் சுருட்டையும் ஹியூமிடார்ச் சுருட்டையும் வேறாக்கியது எதுவோ, அதற்கு இணையான ஒன்றைச் சித்தாந்தம் அருளில் காண்கிறது. இலைக்கும் உயிருக்கும் வேற்றுமையும் பெரிது. தன் பக்குவத்தை இலை அறியாது. உயிரோ சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நெறிகளில் தானும் நடக்கிறது.

பக்குவம் வந்ததை எப்படி அறிவது என்பது எஞ்சிய கேள்வி. சுருட்டில் இது கடினமானது, ஏனெனில் நேரில் அறிய ஒரே வழி அதைக் கொளுத்துவது. காட்சி கிடைக்கும்போது பொருள் போய்விடும். வைத்திருக்கும் பொருளைப் பற்றி அனுமானம் மட்டுமே உண்டு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் வழக்கை நியாய நூல்களும் ஒரு நியாயமாகவே எண்ணுகின்றன. 25 சுருட்டுள்ள பெட்டியில் ஆண்டுக்கு ஒன்றைக் கொளுத்திக் குறித்துவைப்போர் இந்த நியாயத்தின்மேல்தான் நிற்கிறார்கள். கியூபப் பெட்டியின் அடியில் ஆலைக் குறியோடு கட்டிய மாதமும் ஆண்டும் அச்சாகியிருப்பது, எவையெல்லாம் ஒரே பானைச் சோறு என்று வகுக்க அவர்களுக்கு உதவுகிறது. ஆனால் சோற்றுக்குப் பொருந்தும் அனுமானம் இங்கே முழுதும் பொருந்தாது. கொதிக்கும் பானையில் எல்லா அரிசிக்கும் ஒரே நீர், ஒரே தீ. சுருட்டு ஒவ்வொன்றும் தனித்தனிக் கைவேலை. ஒன்றில் இலை நெருங்கியிருக்கும், ஒன்றில் தளர்ந்திருக்கும். ஈரமூட்டிக்கு அருகில் கிடந்ததும் மூலையில் கிடந்ததும் ஒன்றல்ல. இவ்வாறு அனுமானத்தைக் கெடுக்க ஒளிந்திருக்கும் நிபந்தனையைத் தருக்கர் உபாதி என்பர். அதைக் களைவதற்காகவே காப்பவர்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை மேல் அடுக்கைக் கீழும் கீழ் அடுக்கை மேலும் மாற்றி வைக்கிறார்கள். சுற்றிய கைகளின் வேறுபாட்டை அந்த மாற்றத்தாலும் களைய முடியாது.